வால்வு மாற்றி ஒரு வருஷம் ஆகிறது, அத்தையின் இதயத் தசைத் தடிப்பு ஏன் இன்னும் குறையவில்லை?

ஈசூன் மருமகள்

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து, என் மாமியார் விஷயமாக எழுதுகிறேன். அத்தைக்கு 72 வயது, உயரம் 148 செ.மீ., எடை 58 கிலோ. போன வருஷம் அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் வாசல்) சுருங்கிப்போய், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து புது வால்வு வைத்தார்கள். திசு வால்வு, அளவு 19 மி.மீ. மாட்டின் இதய உறையில் செய்தது என்று டாக்டர் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாதவர். வீட்டுக்கு வந்து சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்து எழுந்தவர், "பால் குடுத்து வளத்ததும் அதுதான், இப்ப உசிரு குடுக்கறதும் அதுன்னா வேணாங்கறதுக்கு நான் யாரு" என்றார். அடுத்த முறை போனபோது கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். இப்போது நிற்காமல் ஏறுகிறார், மேலே போன பிறகுதான் மூச்சு வாங்குகிறது. முகத்திலும் சதை போட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஆள் தேறிவிட்டார் என்கிறார்கள்.

எனக்குக் கவலை எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில்தான். ஆபரேஷனுக்கு முன்பு இதயத்தின் நடுச்சுவர் 15 மி.மீ., பின்சுவர் 14. இடது கீழறையின் உள்விட்டம் 42. வால்வு திறப்பு 0.7 சதுர செ.மீ., வால்வின் இரு பக்கத்துக்கும் இடையில் சராசரி அழுத்த வித்தியாசம் 52. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் நடுச்சுவர் 13, பின்சுவர் 12 என்று வந்தது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது ஒரு வருஷ எக்கோ. அதே 13, அதே 12, உள்விட்டமும் அதே 42. புது வால்வின் திறப்பு 1.2, அழுத்த வித்தியாசம் 16. கீழே "இடது கீழறைத் தசைத் தடிப்பு உள்ளது" என்று மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். டாக்டரைப் பார்த்தோம். "வால்வு நன்றாக வேலை செய்கிறது, தசை கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அதற்கு மேல் கேட்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் மனதைக் குடைகிறது. அடைப்பு இருந்தபோது அத்தையின் மேல் பிரஷர் 120-ஐத் தாண்டியதே இல்லை. ஆபரேஷன் முடிந்து முதல் சில மாதங்கள் 126, 128 என்று இருந்தது. இப்போது காலையில் 150, 154 காட்டுகிறது. மாத்திரைகள் வேளை தவறுவதில்லை, நானே பெட்டியில் பிரித்து வைக்கிறேன். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒன்று, நீர் மாத்திரை பாதி. புதிதாகச் சேர்ந்தது முட்டிவலி மாத்திரை மட்டும்தான். மலேசியாவில், ஜோகூர் பாருவில் இருக்கும் சின்ன அத்தை வாங்கி வந்து கொடுக்கிறார்.

என் வீட்டுக்காரர் துவாஸில் ஷிஃப்ட் வேலை. மருத்துவமனைக்கு அத்தையோடு போவது நான்தான். நான் பாலர் பள்ளி ஆசிரியை, மருத்துவம் படித்தவள் இல்லை. கேட்க விரும்புவது இதுதான். தசை இனி மெலியவே மெலியாதா? வால்வு அவர் உடம்புக்குச் சின்னதாகப் போய்விட்டதா?

அப்புறம், வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார். பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் வெறுங்காலோடு நடப்பேன் என்கிறார். எங்கள் வார்த்தையைக் கேட்பதாக இல்லை. இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூரோங் பஸ்காரர்

அம்மா, பயப்படாதே. எனக்கு 64 வயது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்குப் பிறவியிலேயே அயோர்ட்டிக் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான். நூறு பேரில் ஒருவர் இரண்டு பேருக்கு அப்படி இருக்குமாம். ஐம்பது வயதுக்குள் அது சுண்ணாம்பு படிந்து இறுகிப்போய், 2011-இல் உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி அமைதியில் அதன் டிக் டிக் எனக்கே கேட்கும். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் இடையில்.

என் சுவர் 16 மி.மீ. இருந்தது. ஒரு வருஷத்தில் 13. நானும் உன்னைப் போலத்தான் 13 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி, ஐந்தாறு வருஷம் கழித்து 11-க்கு வந்தது. என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் அவர் தோள் அப்படியே தடித்துத்தான் இருந்தது. இதயமும் அந்த மாதிரிதான் என்று என் டாக்டர் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. அடைபட்ட வால்வு வழியாகப் பத்திருபது வருஷம் இரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்த தசை அது. பாரத்தை இறக்கின பிறகும் அதற்குக் காலம் வேண்டும்.

ஆனால் எல்லாமே மெலிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காடோலினியம் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். நடுச்சுவரில் ஒரு கீற்று வெள்ளையாகத் தெரிந்தது. தசை செத்துத் தழும்பான இடம். அது அப்படியேதான் இருக்கும், போகாது என்றார்கள். சுவர் மெலிந்த பிறகும் வேகமாக நடந்தால் எனக்கு மூச்சு வாங்குவது அதனால்தான். அதோடுதான் வாழ்கிறேன். ஜூரோங் லேக் கார்டன்ஸில் தினமும் காலை நடை, பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் நடக்கிறது.

தைப்பூசம் பற்றி ஒரு வார்த்தை. நானும் காவடி எடுத்தவன். ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கவில்லை. டேங்க் ரோடு கோவிலுக்கு நேராகப் போய்க் கும்பிட்டாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று அத்தையிடம் இந்த அண்ணன் சொன்னதாகச் சொல்.

மூலிகை நண்பர்

மருதம்பட்டைக் கஷாயம் இதயத் தசைக்கு நல்லது. தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லுங்கள், மெதுவாகக் குறையும். என் பாட்டி குடித்தார்.

எக்கோ அறை

நான் இங்கே எக்கோ எடுக்கும் தொழில்நுட்பர். டாக்டர் இல்லை, அதனால் மருந்தைக் கூட்டுங்கள், குறையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் இந்த அளவுகளை எடுக்கிறவள் என்ற முறையில் நீங்கள் கொடுத்த எண்களைப் படித்துச் சொல்ல முடியும். சகோதரி எல்லா எண்களையும் கொடுத்திருப்பதால் வேலை சுலபமாகிவிட்டது.

15 மி.மீ. 13 ஆனதை இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் தசையின் எடையைக் கணக்கிடும்போது இரண்டு சுவர்களையும் உள்விட்டத்தையும் கூட்டி மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துகிறோம். அதனால் சுவரில் சின்ன மாற்றம் வந்தாலும் எடையில் பெரிதாகத் தெரியும். அத்தையின் 15, 14, 42 என்ற பழைய அளவுகளுக்குத் தசையின் எடை சுமார் 237 கிராம். இப்போதைய 13, 12, 42-க்கு 189 கிராம். கிட்டத்தட்ட 48 கிராம் போயிருக்கிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. முதல் வருஷத்தில் எதிர்பார்க்கக்கூடிய குறைவுதான் இது. அதிலும் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே நடந்துவிடும்.

அவர் உடலின் பரப்பு சுமார் 1.54 சதுர மீட்டர். தசையின் எடையை அதால் வகுத்தால் முன்பு 154, இப்போது 123. பெண்களுக்கு 95-ஐத் தாண்டினால் தடிப்பு என்று எழுதுவோம். அறிக்கையில் அந்த வரி மறுபடியும் வந்தது இதனால்தான். தடிப்பு குறைந்துகொண்டிருக்கிறது, இன்னும் எல்லைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். ஒரு சுவரில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி அளந்தாலே எடை பத்துப் பன்னிரண்டு கிராம் மாறிவிடும். திரையில் கோடு போடுகிறவரின் கை, நோயாளி படுத்திருக்கும் விதம், இயந்திரம் எல்லாமே அதில் சேரும். ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுங்கள். ஓர் அறிக்கையை மட்டும் வைத்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம்.

வால்வு சின்னதா என்று கேட்டிருந்தீர்கள். 1.2 திறப்பை 1.54-ஆல் வகுத்தால் 0.78. 0.85-க்குக் கீழே வந்தால் உடம்புக்கும் வால்வுக்கும் கொஞ்சம் பொருத்தக் குறைவு என்றும், 0.65-க்குக் கீழே வந்தால் கடுமையான குறைவு என்றும் வைத்திருக்கிறார்கள். அத்தை நடுவில் இருக்கிறார். உயரம் குறைந்த பெண்களின் வால்வு வளையமே சிறிதாக இருக்கும், 19-க்கு மேல் பொருத்துவது பல நேரம் முடியாது. 52 இருந்த அழுத்த வித்தியாசம் 16-க்கு வந்திருக்கிறதே, அந்த வால்வு தன் வேலையைச் செய்கிறது.

எனக்கு உறுத்துவது பிரஷர்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு அழுத்தத்தை எழுப்ப வேண்டும்? ஏறக்குறையச் சொன்னால், கையில் அளக்கும் மேல் பிரஷரோடு வால்வில் இருக்கும் வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு 120-உம் 52-உம் சேர்த்து 172. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதங்களில் 128-உம் 16-உம் சேர்த்து 144. அந்தக் காலத்தில்தான் தசை 15-லிருந்து 13-க்கு இறங்கியது. இப்போது 152-உம் 16-உம் சேர்த்து 168. பார்த்தீர்களா? வால்வை மாற்றி இறக்கிய சுமையில் பெரும்பகுதி பிரஷர் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. வால்வில் தடை இருந்தாலும் சரி, அதற்கு அப்பால் இரத்தக் குழாய்களில் இருந்தாலும் சரி, தசைக்கு அது ஒரே பாரம்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு குறைவது நின்றுபோனதற்கு எனக்கு முதலில் தோன்றும் காரணம் இதுதான்.

சுருங்கிய வால்வை மாற்றிய பிறகு பிரஷர் ஏறுவது பலருக்கும் நடக்கிறது. அடைப்பு இருந்தவரை குறைவாகத் தெரிந்த பிரஷர், தடை நீங்கியதும் வெளியே வருகிறது. அது மட்டும் என்றால் மருந்தைச் சரிசெய்தால் போதும். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஜோகூரிலிருந்து வரும் முட்டிவலி மாத்திரை. முகத்தில் சதை போட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்த மாத்திரை என்ன? டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது? எப்போதிலிருந்து சாப்பிடுகிறார்? சாதாரண வலி மாத்திரைகளிலேயே இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை பிரஷரை ஏற்றும், உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதைவிட மோசமானதும் உண்டு. மூலிகை என்ற பெயரில் விற்கும் மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து நம் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டும் பிரஷரை ஏற்றும், முகத்தையும் உப்பவைக்கும்.

வேறொன்றும் கேட்டுவிடுகிறேன். அத்தைக்கு இரண்டு கைகளிலும் விரல் மரத்துப்போய் மணிக்கட்டில் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா? வயதானவர்களில் சிலருக்கு வால்வுச் சுருக்கத்தோடு அமிலாய்டு என்ற புரதமும் இதயத் தசையில் படிந்திருக்கும். அப்போது சுவர் தடித்தே இருக்கும், வால்வை மாற்றினாலும் இறங்காது. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் அதற்கு ஒரு துப்பு. அத்தைக்கு ஏற்கனவே 2 மி.மீ. குறைந்திருப்பதால் அந்தச் சந்தேகம் எனக்கு அதிகம் இல்லை, இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

மருதம்பட்டை சொன்ன நண்பருக்கு. உங்கள் பாட்டியின் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே நான்கைந்து மருந்து சாப்பிடும் ஒருவருக்கு, என்ன ஏறுகிறது என்ன இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டிவிட்டுச் செய்யட்டும்.

ஜூரோங் பஸ்காரர்

எக்கோ அறைக்கு நன்றி. இத்தனை வருஷத்தில் இந்தக் கூட்டல் கணக்கை எனக்கு யாரும் சொன்னதில்லை. என் பழைய அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கிறேன்.

மருதம்பட்டை பற்றி நானும் சொல்ல வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எந்தக் கஷாயத்தையும் சொல்லாமல் குடிக்காதீர்கள். ஐஎன்ஆர் ஏறினால் இரத்தக் கசிவு, இறங்கினால் உலோக வால்வில் இரத்தக் கட்டி.

ஈசூன் மருமகள்

படித்ததும் கை நடுங்கிவிட்டது. அத்தையின் பிரஷர் நோட்டைப் புரட்டினேன். 120, 130-களில் போய்க்கொண்டிருந்தது ஒரு பக்கத்திலிருந்து 140 ஆகி, அப்புறம் 150 ஆகியிருக்கிறது. சின்ன அத்தை முதல் டப்பா கொண்டு வந்தது தீபாவளிக்கு. நோட்டில் ஏறத் தொடங்குவது அதற்கடுத்த வாரங்களில்.

டப்பா என் முன்னால் இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக், மேலே முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர் படம். "பாரம்பரிய மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும். இஞ்சி, மஞ்சள், இன்னும் இரண்டு வேரின் பெயர்கள். அளவு எதுவும் எழுதவில்லை. தயாரித்தவர் முகவரியும் இல்லை. சாப்பிட்ட மறுநாளே வலி போய்விட்டது என்று அத்தை சொன்னார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டாவது டப்பாவும் பாதி தீர்ந்துவிட்டது.

கையில் ஆபரேஷன் எதுவும் நடந்ததில்லை. விரல் மரப்பும் இல்லை என்கிறார். இப்போதே மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

எக்கோ அறை

சட்டென்று நிறுத்தாதீர்கள், சகோதரி. ஸ்டீராய்டு கலந்திருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, வாந்தி, மயக்கம் வரை போகலாம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டப்பாவோடு பாலிகிளினிக்குக்கோ உங்கள் குடும்ப டாக்டரிடமோ போங்கள். பிரஷர் நோட்டையும் எடுத்துப் போங்கள். வால்வு ஆபரேஷன் ஆனவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இன்று இரவு மயக்கம், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் 995-ஐக் கூப்பிடுங்கள்.

தைப்பூசக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். சுவர் தடித்த இதயத்தின் உள்ளறை சின்னது, இறுக்கமானது. அது நிரம்புவதற்கே நேரமும் போதுமான இரத்தமும் வேண்டும். விரதமிருந்து, தண்ணீர் குறைத்து, நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, வெயிலில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் உடம்பில் நீர் வற்றும். நாடி வேகமாகும், அறை சரியாக நிரம்பாது. சிலருக்குத் தடித்த நடுச்சுவர் இரத்தம் வெளியேறும் வழியையே நெருக்கிவிடும். வால்வு நன்றாக இருக்கும், ஆனால் அதற்குக் கீழே அடைப்பு உண்டாகும். கண் இருட்டி விழுவது அப்படித்தான். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பார்க்கும் டாக்டரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்.

தோபாயோ அக்கா

என் வீட்டுக்காரருக்கும் வால்வு மாற்றியிருக்கிறது, இடுப்புத் தொடை வழியாகக் குழாய் விட்டு வைத்தது. நெஞ்சைத் திறக்கவில்லை. மருந்து விஷயத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சமையல் பக்கம் சொல்கிறேன்.

2022-இல் எடுத்த கணக்குப்படி சிங்கப்பூரில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 3,620 மி.கி. சோடியம் சாப்பிடுகிறோம். 2,000-க்குள் இருக்க வேண்டும். நம் வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சாம்பாரில் போடும் உப்பு மட்டும் இல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். வெளியே போனால் மீ கோரெங், சூப் மீ, பிரட்டாவுக்கு ஊற்றும் குழம்பு. எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கேட்டால்தான் கொடுப்பேன். ரசத்தில் உப்பைக் குறைத்து, எலுமிச்சையும் மிளகும் கூடப் போட்டால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பொட்டாசியம் உப்பு என்று கடையில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. சில பிரஷர் மாத்திரைகளோடு, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், பொட்டாசியம் கூடிப்போய் ஆபத்து.

பிரஷர் அளக்கும்போது அத்தையை ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வை. முதுகு சாய்ந்திருக்கட்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது அளந்தால் பத்துக் கூடவே காட்டும்.

ஈசூன் மருமகள்

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

மறுநாள் காலை பாலிகிளினிக் போனோம். டாக்டர் டப்பாவைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார், கையில் சின்னச் சின்னதாக நீலம் பூத்திருந்ததையும் பார்த்தார். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். இரத்தத்தில் கார்டிசோல் (உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு) மிகவும் குறைவாக இருந்தது. சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, அந்த டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் அளவு தெரிந்த ஒரு மாத்திரையைக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் குறைத்து வருகிறார்கள். முட்டிக்கு பாராசிட்டமாலும் பிசியோவும்.

சின்ன அத்தைக்குப் போன் செய்து சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அவரும் அதையேதான் சாப்பிட்டு வருகிறார். அங்கே டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள் என்பதை மூன்று தடவை சொன்னேன்.

இதய டாக்டரிடமும் தேதியை முன்னால் கொண்டுவந்து போய்ப் பார்த்தோம். இந்த முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். 172, 144, 168 என்ற கணக்கைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார், தோராயம்தான் என்றாலும் சரியான பாதை என்றார். வால்வுக்குக் கீழே நெருக்கம் எதுவும் இல்லை என்று எக்கோ படத்தைத் திறந்து காட்டினார். பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். தசை உயிரணுக்கள் முதலில் சுருங்கும், இடையில் படிந்த நார் குறைவதற்கு அதைவிட அதிக வருஷம் பிடிக்கும், அதனால் மேம்பாலத்தில் மூச்சு வாங்குவது இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம் என்றும் சொன்னார். ஜூரோங் அண்ணன் எழுதிய தழும்பு பற்றியும் கேட்டேன். இப்போதைக்கு எம்ஆர்ஐ வேண்டாம், பிரஷர் இறங்கிய பிறகும் தசை அசையவில்லை என்றால் பார்ப்போம் என்றார்.

இன்று காலை 136-க்கு 78. தோபாயோ அக்கா சொன்ன மாதிரி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அளந்தது.

தைப்பூசத்துக்கு இந்த வருஷம் நடை கிடையாது, பட்டினி விரதமும் கிடையாது என்று டாக்டர் அத்தையிடமே நேராகச் சொல்லிவிட்டார். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேளை மாத்திரை ஒன்றுகூடத் தவறக் கூடாதாம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் ஜூரோங் அண்ணனின் செய்தியைச் சொன்னேன். "யாரு அந்த அண்ணன், காவடி எடுத்தவரா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இப்போது பால்குடத்தை என் வீட்டுக்காரர் எடுப்பதாகப் பேச்சு. அத்தை டேங்க் ரோட்டில் காத்திருப்பார், வண்டியில் கூட்டிப் போகிறோம்.

எக்கோ அறை

ரொம்ப நிம்மதி. ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த எக்கோவுக்குப் போகும்போது, படுக்கையில் ஏறுவதற்கு முன்பு பிரஷரை அளந்து அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். உயரமும் எடையும் அன்றைக்கே எடுக்கட்டும், ஸ்டீராய்டு குறைந்தால் எடை மாறும், மாறினால் வகுக்கும் எண்ணும் மாறும். பழைய மூன்று அறிக்கைகளின் நகலையும் கையில் கொண்டு போங்கள், எக்கோ எடுக்கிறவர் போன முறை எந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்று பார்த்து அதே இடத்தில் அளப்பார். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், கிராம் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.